நான் வாசிக்காத கிளாரினெட்

மார்ச் 4

தம்பிக்கு,

முதல் தாளில் ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டேன், பழக்க தோஷம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளில் ஆரம்பிக்கிறேன்.

நேற்று அம்மா பத்திரிகையை என் மடியில் போட்டு, “உன்னைப் பத்தி எழுதியிருக்காங்கடி” என்றாள். ஒத்திகையில் மேடைப் படியிலிருந்து விழுந்து என் தாடை உடைந்ததைத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. சனிக்கிழமை நம் குழுவின் புது நாடகம் அரங்கேறியதல்லவா, அதில் நான் அபாரமாகக் கிளாரினெட் வாசித்தேனாம். இரண்டாம் காட்சியில், நாயகி ஆற்றைக் கடக்கும் இடத்தில், ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சே விடாமல் ஒரே இழையாக இழுத்தேனாம். ‘இவரது மூச்சுக் கட்டுப்பாடு வியக்க வைக்கிறது’ என்று விமர்சகர் எழுதியிருக்கிறார்.

சனிக்கிழமை மாலை நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டி, மூக்கில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். ஒரு வாய்த் தண்ணீருக்கு உறிஞ்சுகுழல் வேண்டும் எனக்கு. நான் ஒரு நிமிஷம் மூச்சு விடாமல் வாசித்தேனாம்!

யார் வாசித்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் குழுவில் கிளாரினெட் வாசிப்பது நான் ஒருத்திதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பின்னறைச் சுவரில் போர்வைகளை மாட்டி, மூன்று பிற்பகல் என்னை உட்கார வைத்து ஒவ்வொரு சுரமாக ஊதச் சொன்னாயே, மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, பலமாக ஒருமுறை என்று. எதற்குடா என்று கேட்டதற்கு, “வீட்டுல சும்மா மெட்டு போட்டுப் பாக்கத்தான்க்கா” என்றாய். அதை உன் கிட்டாரில் மாட்டி மேடை ஓரத்து இருட்டில் உட்கார்ந்து வாசித்துவிட்டாய். திரையில் கிளாரினெட்டுக்கு நேராக என் பெயரையும் போட்டுவிட்டாய்.

பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். பேச முடிந்திருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ‘அன்புள்ள’வைக் கிழிக்கவில்லை. நீ என்ன சொன்னாலும் சரி.

ஆமாம், நான்தான் வாசித்தேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நீ விழுந்ததற்கு மறுநாள் காலை சுருதிப்பெட்டி எங்களையெல்லாம் கூப்பிட்டார். (நம் இசை நடத்துநருக்கு அந்தப் பெயர் வைத்ததே நீதானே, ஒரே விஷயத்தை ஒரே குரலில் இழுத்துக்கொண்டே இருக்கிறார் என்று.) உன் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. “கிளாரினெட்டுக்கு வேற ஆள் பாக்கணும், நிரந்தரமா” என்றார். படியில் விளக்கு இல்லை, மாட்டுங்கள் என்று நீ மூன்று முறை சொன்னதும், அதற்கு அவர் மண்டையை ஆட்டியதும் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஆறு வாரத்தில் நீ திரும்பி வந்தால் உன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் எழுந்து சொன்னேன், “ஆளே வேண்டாம் சார், அக்கா வர்ற வரைக்கும் அக்கா சத்தத்தை நானே வாசிக்கிறேன்” என்று. பெயரை மாற்றக்கூடாது என்று சண்டை போட்டதும் நான்தான். பெயர் இருக்கும் வரை அது உன் இடம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “பேர் இருந்தா என்ன, இல்லைன்னா என்ன, சத்தம் வருதுல்ல?”

இன்னொன்று. ‘கிட்டாரில் மாட்டி’ என்று எழுதியிருக்கிறாய், ஏதோ சட்டையை ஆணியில் மாட்டுகிற மாதிரி. அவ்வளவு லேசில்லை. கம்பிகளுக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருக்கிறேன். ஆறு கம்பியையும் அது தனித்தனியாகக் கவனிக்கும். நான் தட்டியது எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்பதைக் கண்டுபிடித்து மிடி என்கிற குறியாகக் கணினிக்குச் சொல்லும். கணினி நீ ஊதிய அந்தச் சுரத்தை எடுத்து ஒலிக்கும். கேட்க சுலபம். ஆனால் தடித்த கம்பி மெதுவாக அதிரும், அது என்ன சுரம் என்று தெரிந்துகொள்ளவே அந்தப் பட்டைக்கு நேரமாகும், நான் தட்டிக் கொஞ்சம் கழித்துத்தான் நீ ஊதுவாய். அதனால் எல்லாவற்றையும் மெல்லிய கம்பிகளில் மேலே வாசித்து, கணினியில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன். நகம் பக்கத்துக் கம்பியில் லேசாக உரசினால் போதும், பேய் மாதிரி ஒரு சுரம் கத்தும். அரங்கேற்றத்துக்கு இருந்த ஐந்து நாளும் ராத்திரி பகலாக விரலைக் கட்டிப்போட்டுப் பழகினேன். நீ ஊத ஊத எப்படிப் பெருக்குவாயோ அதைக் கால் மிதியில் செய்தேன். கிட்டாரை மறந்து உன்னை மாதிரி யோசித்து வாசித்தேன்.

எப்படி வாசித்தாய் என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை உனக்கு. இருபது வருஷமாக எனக்கு உன்னிடம் இருக்கும் குறை இதுதான்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

எப்படி வாசித்தாய் என்று நான் கேட்க வேண்டுமா? நான் சொல்கிறேன். வானொலியில் புதன்கிழமை அந்த ஒலிப்பதிவைப் போட்டார்கள். கேட்டேன்.

முதல் நான்கு சுரத்திலேயே தெரிந்துவிட்டது. அது நான்தான். இடது பக்க உதட்டோரம் கொஞ்சம் காற்று கசியும் அந்த ஒலிகூட இருந்தது. நான் இங்கே நாற்காலியில் வாய் கட்டி உட்கார்ந்திருக்கிறேன், அங்கே நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “நல்லாத்தானேடி வாசிச்சிருக்கே!” என்றாள். எப்போதோ பதிவு செய்ததைப் போடுகிறார்கள் என்று நினைத்த அம்மாவிடம், அது நானில்லை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த ஆறு வருகிற இடம். அவள் தண்ணீருக்குள் காலை வைக்கிறாள், பயப்படுகிறாள், அந்த இடத்தில் நான் மூச்சு விடுவேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விடுவேன். அந்த மூச்சுதான் அவள் பயம். நீ மூச்சில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறாய். ஏனென்றால் உன் கம்பிக்கு மூச்சு வேண்டாம். பட்டத்து நூல் மாதிரி நீ இழுத்ததை அந்த விமர்சகர் என் திறமை என்று எழுதுகிறார்! நான் செய்யவே மாட்டாத ஒரு தப்புக்காக என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு இதைவிட அவமானம் வேறு என்ன இருக்கிறது?

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். சனிக்கிழமை நான் மேடையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன், அது என் அனுமதி இல்லாமல் என் ஒலிப்பதிவை வைத்துக் கிட்டாரில் வாசித்தது, அந்தப் பாராட்டை நான் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறேன். படியில் விளக்கில்லாத கதையையும் சேர்த்துத்தான்.

என் இடத்தைக் காப்பாற்றினேன் என்கிறாய். இடம் மட்டும் இருந்து ஆள் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

நான் கேட்பது ஒன்றுதான். அதை அழி. அந்த மூன்று பிற்பகல்களையும் அழி. ஒரு சுரம் மிச்சமில்லாமல் அழித்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

அழிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டிய செய்தி இருக்கிறது.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்தது. திங்கட்கிழமை காலை ஒத்திகைக்குப் போனேன். சுருதிப்பெட்டி பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “உங்க குடும்பத்துக்கு நான் என்ன குறை வச்சேன்?” என்றார். விளக்கு ஒன்று குறை வைத்தீர்கள் சார் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அக்கா தம்பி இருவரும் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பதினொரு வருஷம், பத்து நிமிஷத்தில் முடிந்தது. கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒருவர்கூட எழுந்து வாசல் வரை வரவில்லை.

இதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆசிரியருக்கு எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். நானே போய்ச் சொல்லியிருப்பேன். நீ நினைத்தால் நினைத்ததுதான், சின்ன வயசிலிருந்தே.

ஆனால் இப்போது எழுதப் போவதைக் கேட்டால் உன் கோபம் என்மேலிருந்து கொஞ்சம் நகரும். ட்ரம்ஸ் வாசிக்கும் மாமா நேற்று போன் செய்தார். பாவம், குற்ற உணர்ச்சி. “தம்பி, நீ போயிட்ட, அக்காவும் இல்ல, ஆனா கிளாரினெட் தினமும் வருதுப்பா” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் காட்சியில் என் மடிக்கணினி மக்கர் செய்ததால் உன் ஒலிகளை அரங்கத்துக் கணினியில் ஏற்றி வாசித்தேன். எடுக்க மறந்துவிட்டேன். இப்போது கீபோர்டு வாசிக்க ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்து, அவள் கையில் உன் சத்தத்தைக் கொடுத்திருக்கிறார் அந்த மனுஷன். நாயகி தினமும் ஆற்றைக் கடக்கிறாள், தினமும் நீ ஊதுகிறாய். நம் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நம் சத்தத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்!

போன் செய்து கேட்டேன். “அது அரங்கத்துக் கம்ப்யூட்டர்ல இருக்கு, அரங்கத்துச் சொத்து” என்றார். நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். குழந்தைகளுக்கான பொம்மலாட்ட அரங்கம் ஒன்றில் வேலை. ஒரு ஆள், ஒரு கிட்டார், எல்லாச் சத்தமும். யானைக்கு ட்ராம்போன் என்கிற எக்காளம், வாத்துக்குப் பாசூன் என்கிற நீளக் குழல், மழைக்கு மத்தளம் மாதிரி ஏதோ ஒன்று, எல்லாம் இந்த ஆறு கம்பியிலிருந்து. குழந்தைகள் சிரிக்கிறார்கள். உன் ஒலியை இங்கே தொடவில்லை. அழிக்கவும் இல்லை. மூன்று பிற்பகல் நீ எனக்காக உட்கார்ந்தாய். வேறு எதற்கும் நீ எனக்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

பல்லில் கட்டிய கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்கிறது. பேசினால் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுகிற மாதிரி இருக்கிறதாம். பாதி நேரம் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் பொருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன். அம்மாவிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கிளாரினெட்டைக் கைப்பையில் பிரித்து வைத்துக்கொண்டு, ரயிலேறி, டிக்கெட் வாங்கி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். வாசலில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

முதல் காட்சி முடிந்ததும் கிளாரினெட்டைப் பொருத்தினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இனிப்புத் தருவேன் என்று எதிர்பார்த்து என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வந்தது. அவள் காலை வைத்தாள். என் சத்தம் ஆரம்பித்தது. நான் எழுந்து நின்றேன். கிளாரினெட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், “உக்காருங்க, மறைக்குது” என்றார். இன்னொருவர், “யாரும்மா அது?” என்றார். எனக்கு முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, அவங்க ஊதவே இல்ல, ஆனா சத்தம் வருது” என்றாள். அரங்கம் முழுக்கக் கேட்டது. சிரிப்பா சலசலப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மேடையில் ஆற்றுக்கு நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கீபோர்டுப் பெண் என்னைப் பார்த்தாள். சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கையை எடுத்ததும் கிளாரினெட் பாதிச் சுரத்தில் நின்றது. சுருதிப்பெட்டி பக்கவாட்டிலிருந்து ஓடி வந்தார். “நாடகம் நடக்குதும்மா, வெளிய வந்து பேசுவோம், வெளிய வந்து பேசுவோம்” என்று அதே குரலில். நான் நகரவில்லை. அந்தப் பெண் மேடை ஓரத்திலிருந்தே கேட்டாள், “சார், இது இவங்க சத்தமா? கீபோர்டோட வந்த சத்தம்னுதானே சொன்னீங்க?”

அவர் திரையை இறக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். “அப்போ நான் வாசிக்க மாட்டேன்” என்று அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அவளுக்கு நான் ஒன்றுமே செய்ததில்லை தம்பி. பதினொரு வருஷம் கூட உட்கார்ந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நேற்று வந்த பெண் எழுந்து நின்றாள்.

இடைவேளை விட்டார்கள். அவளே என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய், என் கண் முன்னால் ஒவ்வொன்றாக அழித்தாள். நூற்றுப் பதினேழு பதிவுகள் இருந்தன. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “கடையில நூறு கிளாரினெட் சத்தம் கிடைக்குது, ஒண்ணு போட்டுக்கிறேன்” என்றார். அவர் வேறு ஒரு ஆளை வைத்து அப்படியே செய்தார். இடைவேளைக்குப் பின் கொசு மூக்கடைத்துக்கொண்ட மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து அம்மாளும் தட்டினார். ரயிலில் வரும்போது முழுக்க எனக்கு அந்தக் கைதட்டல்தான் காதில் இருந்தது. ஜெயித்துவிட்டு வருகிறவள் இப்படியா வயிறெரிந்துகொண்டு வருவாள்?

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொம்மலாட்டக்காரருக்கும் படித்துக் காட்டினேன். அவர் கையில் இருந்த வாத்துப் பொம்மையையும் உன்னை மாதிரியே எழுந்து நிற்க வைத்தார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் தரையைப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அரங்கேற்றத்தன்று உன் பெயர் திரையில் வந்தபோது நானும் தரையைத்தான் பார்த்தேன். உன் இடத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த முதல் சுரம் ஒலித்தபோது, அரங்கம் அப்படியே அடங்கியபோது, எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என் கிட்டாரைக் கேட்டு ஒருநாளும் யாரும் அப்படி அடங்கியதில்லை. உன்னிடம் கேட்டிருந்தால் நீ கூடாது என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது உலகத்தில் உன் சத்தம் என் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. நீ சொன்னால் அழித்துவிடுகிறேன். உன் எதிரில் அழிக்க வேண்டும் என்றால் அங்கே வருகிறேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

நேற்று டாக்டர் ஊதலாம் என்றார். “மெதுவா ஆரம்பிங்க, முன்ன மாதிரி எதிர்பார்க்காதீங்க” என்றார். டாக்டர்களுக்கு வேறு பேச்சு தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஊதுமுனை நாணல் ரீடை நனைத்து, ஊதினேன். தாடைக்குள் இரண்டு தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். கீழ்ப் பல் வரிசை ஒரு நூலளவு வலது பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒரு நூல்தான். உதடு எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார மறுக்கிறது. மேல் ஸ்தாயி திறக்கவே இல்லை. கீழே சத்தம் வந்தது. தடிப்பாக, கரகரவென்று, ஆஸ்துமாக்காரர் யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி. பத்து நிமிஷம் ஊதினேன். அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டி, “யாராவது வந்திருக்காங்களா?” என்று கேட்டாள்.

என் அம்மாவுக்கே தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து மறுபடி ஊதினேன். என்ன செய்வது, படியில் விளக்கு மாட்டாத மனுஷன் அங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தால் அழுகை தானாக நின்றுவிடுகிறது.

அழிக்காதே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கேட்காமல் எடுத்தாய், மூச்சில்லாமல் வாசித்தாய். இரண்டுக்கும் உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் பழகி நான் செய்த அந்தச் சத்தம் இனி இந்த வாயில் வராது. அதை வாசிக்கத் தெரிந்தவன், உதட்டோரக் கசிவுவரை தெரிந்தவன், நீ ஒருத்தன்தான்.

புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பொம்மலாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உன் பெட்டிகளையெல்லாம் இணைத்துத் தயாராக வை. நீ அந்தப் பழைய வாயை வாசி. நான் எதிரில் உட்கார்ந்து இந்த வாயை வாசிக்கிறேன். எந்த அக்கா நன்றாக வாசிக்கிறாள் என்று பார்த்துவிடுவோம்.

மூச்சு விட மறந்தாயோ, காலால் உதைப்பேன்.

உன் அக்கா